ஒட்டுப்போட்ட படகும் ஐந்து நாள் வசந்தமும்

வசந்தத்தை வரையப் புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தி, "சித்திரை மாசத்துலயா?" என்று கேட்டார். அதோடு சரி. மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்ததும் அதுதானே? இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. எங்கள் சேலத்தில் சித்திரை மாதம் மத்தியானம் குழாயைத் திறந்தால் ரசம் வைக்கிற சூட்டில் தண்ணீர் வரும். இதற்கு இளவேனில் என்று பெயர் வைத்தவர் ஏற்காட்டில் பங்களா வைத்திருந்திருக்க வேண்டும்.

தொலைபேசி அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான்கு வருடமாக நீர்வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுச் சுவரெல்லாம் என் படங்கள்தான். வருகிற உறவினர்கள் அவற்றை இரண்டு நொடி பார்ப்பார்கள், "சூப்பர்" என்பார்கள், பிறகு வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள். ஒரே ஒரு ஆள் என் படத்தின் முன்னால் நின்று நிதானமாகப் பார்க்க மாட்டாரா என்று எனக்கு ஏக்கம். அந்த நேரத்தில்தான் "நீர்வண்ணத்தில் வசந்தத்தின் ஒளியும் மனநிலையும், ஐந்து நாள் முகாம், முடிவில் கண்காட்சி" என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. கண்காட்சி என்ற சொல்லைப் பார்த்த பிறகு சித்திரையாவது ஐப்பசியாவது.

பேருந்தில் என் வரைபலகையைப் பார்த்துவிட்டு நடத்துனர், "ஏம்மா, கேரம் போர்டுக்குத் தனியா டிக்கெட் போடணும்" என்றார். படம் வரைகிற பலகை என்று விளக்கினேன். "அப்படின்னா என்னைய வரைஞ்சு குடுங்க, சும்மா வரட்டும்" என்று சிரித்துவிட்டு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தார். விழுப்புரம் வருவதற்குள் பக்கத்து இருக்கைப் பெண்மணி அந்தப் பலகையை எங்கள் இருவர் மடியிலும் குறுக்காக வைத்து, அதன்மேல் எலுமிச்சை சாதத்தைப் பரப்பி, எனக்கும் இரண்டு பிடி வைத்தார். அந்த முகாம் முழுவதிலும் பலகை செய்த உருப்படியான வேலை அதுதான் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

நான் அறை பிடித்திருந்தது மீனவர் பகுதியான குருசுக்குப்பத்தில். ஆட்டோக்காரரிடம் தெளிவாகச் சொல்லித்தான் ஏறினேன். அவர் பலகையைப் பார்த்தார், என் கதர்ப் பையைப் பார்த்தார், நேராகப் பழைய பிரெஞ்சுத் தெருக்கள் இருக்கிற ஒயிட் டவுனில் கொண்டுபோய் இறக்கினார். "படம் வரையறவங்கல்லாம் இங்கதாம்மா எறங்குவாங்க. குருசுக்குப்பத்துல என்னாத்த வரைவீங்க?" என்றார். உச்சி வெயிலில் அங்கிருந்து நடந்தே போனேன்.

முகாமை நடத்தியவர் அந்துவான் மாஸ்டர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த குடும்பம். இவர் மட்டும் துப்பாக்கிக்குப் பதில் தூரிகை பிடித்து, பன்னிரண்டு வருடம் பிரான்சில் இருந்துவிட்டு வெள்ளைத் தாடியோடு திரும்பியவர். வசந்தத்தை அவர் வசந்தம் என்று சொல்வதில்லை. "ப்ரேந்தாம்" என்று பிரெஞ்சில் சொல்வார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். திறந்து வைத்திருந்தால் எதிரே சித்திரை வெயில் அல்லவா தெரியும்?

"பெட்டியில வெள்ளையும் கறுப்பும் இருந்தா இப்பவே எடுத்துக் குடுத்துடுங்க" என்பது அவருடைய முதல் கட்டளை. "நீர்வண்ணத்துல வெளிச்சம்ங்கறது காகிதம்தான். எங்க வெளிச்சம் வேணுமோ அங்க கை வைக்காம விட்டுடணும். அதுமேல வெள்ளை பூசுனா அது பொய். இதுல எதையும் மூட முடியாது, புரியுதா? அடியில என்னா இருக்கோ அது மேல தெரியும்." நாங்கள் எட்டுப் பேரும் சோகமாக வெள்ளைக் குழாய்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டோம்.

முதல் நாள் மஞ்சள் சுவர் வரைந்தோம். ஒயிட் டவுனில் வேறு என்ன வரைவது? மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூ, அதன் கீழே கல்யாணத்துக்கு முன்பே போட்டோ பிடிக்க வந்த ஜோடி. ஒரே சுவருக்கு நான்கு ஜோடிகள் வரிசையில் நின்றன. "ஆன்ட்டி, கொஞ்சம் நகர்றீங்களா, ஃப்ரேம்ல விழறீங்க" என்று ஒரு புகைப்படக்காரர் என்னை மூன்று முறை நகர்த்தினார். மூன்றாவது நகர்த்தலில் சாக்கடை ஓரத்துக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் குழுவில் சென்னையிலிருந்து வந்த கார்த்திக் என்ற கணினிக்காரர் அணில் முடித் தூரிகையால் அந்தச் சுவரைச் சுற்றிப் பனிமூட்டம் வரைந்தார். புதுச்சேரியில் பனிமூட்டம்! கொசுவுக்கு நகராட்சி வண்டி புகை அடித்தால்தான் உண்டு. மாஸ்டர் அதைத்தான் பாராட்டினார்.

இடைவேளையில் குரோசான் என்ற பிரெஞ்சு ரொட்டி கொடுத்தார்கள். கடித்தால் பாதி மடியில் உதிர்கிறது, மீதிப் பாதி காற்று. எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டும் உதிரத்தான் செய்யும், ஆனால் உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்ன மனம் வரும். மறுநாள் காலை குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசல் கடையில் இட்லியோடு முந்தின நாள் மீன்குழம்பு ஊற்றினார்கள். அதற்குப் பிறகு நான் குரோசான் பக்கம் போகவில்லை.

இரண்டாம் நாள்தான் இந்த ஊர்க் காற்று என்னை ஏமாற்றியது. கடற்கரைச் சாலையில் ஆறு மணிக்குத் தடவிய நீலம் ஏழரைக்கும் காயவில்லை. அவ்வளவு ஈரம். ஒன்பது மணிக்குத் தடவியதோ தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்து வரிவரியாக நின்றது. இடையில் ஒரு இருபது நிமிடம் காகிதமும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. புதுச்சேரியின் வசந்த காலம் அந்த இருபது நிமிடம்தான் என்று முடிவுகட்டிவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்ப நடந்தேன்.

நடந்த வேகத்தில் குருசுக்குப்பத்தைத் தாண்டி, அடுத்த மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்துக்கே போய்விட்டேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கரையேறி நின்ற படகுகளில் பாதி மராமத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. ஒரு காலத்தில் நீலமாக இருந்து, உப்பும் வெயிலும் தின்று, இப்போது நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம். அணியத்தில், அதாவது படகின் மூக்குப் பக்கத்தில், முழங்கை நீளத்துக்கு ஒரு ஒட்டு. கரையில் கொட்டியிருக்கிற கருங்கல்லில் மோதி உடைந்த இடத்தை ஃபைபர் வைத்து மூடியிருந்தார்கள். அந்த இடம் மட்டும் கருகிய தோசைபோல் இருந்தது. காலை வெயில் கடல் பக்கமிருந்து அதன்மேல் விழுந்தபோது பலகையை மணலில் ஊன்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் எளிதில் நெகிழ்கிற ஆள் இல்லை.

"மேடம், கணக்கெடுக்க வந்தீங்களா? எந்த டிபார்ட்மென்ட்டு?" என்று கேட்டபடி படகின் சொந்தக்காரர் வந்தார். பெயர் ஏழுமலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது தோளைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தார்.

"இல்லைங்க. படம் வரையறேன்."

"இத்தயா? இது பழசு மேடம். அங்க பாருங்க, மூணாவதா ஒண்ணு நிக்குது பாருங்க, புத்தம் புதுசு. அத்த வரைங்க."

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"அப்ப வாங்கிக்கிங்க. விக்கத்தான் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி செல்விதான் விவரம் சொன்னார். படகைக் கரைக்கு இழுக்கும்போது ஏழுமலைக்குத் தோள் இறங்கிவிட்டது. இனிமேல் இழுக்கிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதமாகப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. "கடலுக்குப் போன மனுசன்க்கா. அங்க போயி கேட்டைத் தொறந்து கேட்டை மூடறாரு. வந்து யாருகிட்டயும் பேச மாட்டாரு" என்றார். ஒரு லோடு ஆட்டோ விலைக்கு வருகிறது. அதை எடுத்துவிட்டால் மீன் ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டலாம், மறுபடி கரையிலேயே இருக்கலாம். அதை விற்கிறவர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பார். "இது போனாத்தான் அது வரும். சனிக்கிழமை கடலூர்லருந்து ஒருத்தர் பார்க்க வர்றாரு."

நான் தலையை ஆட்டிக்கொண்டே ஒட்டுக்கு என்ன நிறம் கலப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன?

அன்று பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு, மறுநாள் அந்த இருபது நிமிட வசந்தத்தில் படகுக்கு வண்ணம் தீட்டினேன். எதையும் விடவில்லை. பதிவு எண், பக்கத்தில் கிடந்த டீசல் கேன், மணலில் அந்தக் கேனின் நிழல், ஒட்டின் விளிம்பில் ஃபைபர் நார் பிரிந்து நின்றது வரைக்கும். வெளிச்சம் விழுகிற இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டேன். மூன்றாம் நாள் காலை படம் ஏறக்குறைய முடிந்தபோது செல்வி எட்டிப் பார்த்து, "ஐயோ, நம்ம நெம்பரே போட்டுருக்குது!" என்று கூவினார். கருவாட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனில் படம் பிடித்தார். "எங்க வீட்டு போட்" என்று எழுதி, பக்கத்தில் மூன்று இதயம் வைத்து, ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு என்னிடமே காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மாஸ்டர் அதைக் கையில் எடுத்தார். கண்ணை மூடினார். "வுவாலா! இதான் ப்ரேந்தாம். மத்ததெல்லாம் புதுசா முளைக்குதுல்ல, அதுக்கு நடுவுல இந்தக் காயம் பாருங்க. இந்த ஒட்டுதான் படத்தோட மூடே. சனிக்கிழமை நடுச் சுவர்ல இதான்" என்றார். கண்ணை மூடிக்கொண்டே ஒருவர் படத்தைப் பாராட்டுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் பாராட்டை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? தூரிகை கழுவப் பின்கட்டுக்கு நான் போனபோது, மாஸ்டர் தன் சொந்தப் படத்தில் அலை நுரைக்குச் சத்தமில்லாமல் வெள்ளைக் குழாயிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தார். என்னுடைய குழாய்தான். என்னைப் பார்த்ததும், "ஒரு பொட்டு. யாருக்கும் தெரியாது" என்றார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை, முன்பக்கத்து மணலை முடிக்கலாம் என்று வைத்திக்குப்பம் போனால், என் படகைக் காணவில்லை. அந்த இடத்தில் கிளிப்பச்சை நிறத்தில், ஆரஞ்சுக் கரை போட்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் ஏதோ ஒன்று நின்றது. ஏழுமலை இடது கையால் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். எனாமல் வாசனை மூக்கை அடைத்தது. ஒட்டு இருந்த இடம் வழவழவென்று மின்னியது.

"அய்யோ, என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க!"

"ஏன் மேடம், நல்லால்லியா?"

"அந்தப் பழைய நிறம்தானே அழகே!"

"அழகுன்னு சொல்றீங்க, அன்னிக்கி வாங்கிக்கிங்கன்னு சொன்னேன், வாங்கலியே" என்றார் சிரிக்காமல். "பழசா நின்னா பழைய வெலதான் கேப்பான். ஒட்டு தெரிஞ்சா அந்த வெலயும் கேக்க மாட்டான். ஒட்டு கெட்டியாத்தான் இருக்குது. நானே கட்டுனது. ரெண்டு வருசம் இத்தோடதான் கடலுக்குப் போனேன். ஆனா பார்க்கறவனுக்கு அது தெரியாதே."

பிறகு அவர் என் பலகையைப் பார்த்தார். முதன்முறையாகச் சரியாகப் பார்த்தார். தூரிகையைப் பெயின்ட் டப்பாமேல் வைத்துவிட்டுக் குனிந்தார்.

"இத்த எங்க மாட்டப் போறீங்க?"

"ஒயிட் டவுன்ல ஒரு காப்பிக் கடையிலங்க. கண்காட்சி."

"அங்க நம்ம ஆளு யாரும் வர மாட்டான். சரி" என்று நிம்மதியாகத் தூரிகையை எடுத்துக்கொண்டார். செல்வி போட்ட ஸ்டேட்டஸ் எங்கள் மூன்று பேருக்குமே நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை, படகு விலைபோகிறதா என்று பார்க்கக் கிளம்பிய என்னைக் கார்த்திக் வாடகை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாகப் புகுந்து, போலீஸ்காரரிடம் மாட்டினார். பலகையை நடு ரோட்டில் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து போலீஸ்காரர், "ஏம்மா, போராட்டமா?" என்றார். நான் இறங்கி நடந்து வைத்திக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது கடலூர்க்காரர் ஏற்கெனவே வந்திருந்தார். பரசுராமன் என்று பெயர். அறுபதை ஒட்டிய வயது, கை இரண்டும் தேக்குக் கட்டை. படகைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். எஞ்சின் மாட்டுகிற இடத்தைத் தட்டினார். திருப்திதான் என்று முகம் சொன்னது. செல்வி டீ வாங்க ஆள் அனுப்பினார்.

பிறகு பரசுராமன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "எம் மருமவ போன்ல வந்துச்சி. உங்க சொந்தக்காரப் புள்ள யாரோ அனுப்பியிருக்குது" என்றார். அதில் என் படம். இரண்டு விரலால் பெரிதாக்கினார். பதிவு எண்ணைப் படகோடு ஒத்துப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். நான்கு வருடமாக நான் ஏங்கிய ஆள் இவர்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவ்வளவு நிதானமாக ஒருவர் என் படத்தை அதுவரை பார்த்ததில்லை.

"நீங்க வரைஞ்சதாம்மா?"

"ஆமாங்க."

"அணியத்துல இது என்னா, கருப்பா?"

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி என்னைத்தான் பார்த்தார்.

"நிழலுங்க" என்றேன்.

பரசுராமன் மறுபடி போனைப் பார்த்தார். அவசரமே இல்லை. "நிழலா? இந்தக் கேனோட நிழல் ஊர்ப் பக்கமா விழுந்துருக்குது. அப்ப வெயில் கடல்லருந்து வருது. வெயிலப் பார்த்தாப்புல இருக்கற அணியத்துல நிழல் எப்பிடிம்மா விழும்?"

ஐந்து நாள் முகாமில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் பிசகக் கூடாது. நான் பிசகவில்லை. என் படம் என்னையே பொய்க்காரி ஆக்கிவிட்டது.

"அடிபட்ட எடந்தான்" என்றார் ஏழுமலை. "நான் கட்டுனது. கெட்டியா இருக்கும்."

பரசுராமன் சாவியை எடுத்து அந்த இடத்தில் கீறினார். கிளிப்பச்சை சுருள்சுருளாக உரிந்து வந்தது. விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "கட்டு நல்லாத்தான் கட்டியிருக்க. ஒட்டு இல்லாத போட் எங்க இருக்குது? சொல்லியிருந்தீன்னா இப்பவே முடிச்சிருப்பேன். மூடிட்டியேப்பா. இன்னும் என்னாத்த மூடியிருக்கன்னு நான் கடலுக்குப் போயா தெரிஞ்சிக்கறது?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் என் பக்கம் திரும்பி, "படம் நல்லா இருக்குதும்மா. உள்ளது உள்ளபடி இருக்குது" என்றார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விமரிசனம் அது. எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியாமல் அதைக் கேட்டுக்கொண்டேன்.

டீ வந்தது. குடிக்க ஆள் இல்லை. "நாந்தான போட்டேன். உங்களச் சொல்லி என்னாக்கா பண்றது" என்று செல்வி போனில் இருந்த அந்தப் படத்தை அழித்தார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

சாயங்காலம் கண்காட்சி. நடுச் சுவரில் என் படகு. போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனாலும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி படத்தின் முன்னால் நின்று, "அந்த உடைஞ்ச இடம் இருக்கே, அதுக்காகவே இது எனக்கு வேணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். படத்தின் மூலையில் சிவப்புப் பொட்டு ஒட்டினார்கள். விற்றாயிற்று என்று அர்த்தம். மாஸ்டர் கண்ணை மூடினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஆனால் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ராத்திரி தூக்கம் வராதபோதுதான் மற்றது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் வைத்திக்குப்பம் போனேன். ஏழுமலை உரிந்த இடத்தில் கிளிப்பச்சை பூசிக்கொண்டிருந்தார்.

"படம் வித்துடுச்சுங்க."

"யாரு வாங்குனா?"

"ஒரு பெங்களூர் அம்மா. சாப்பிடற ஹால்ல மாட்டப் போறாங்களாம்."

"ஒட்டோடயா?"

"ஒட்டுக்காகத்தான் வாங்கறாங்க."

சிரித்தார். தோள் வலித்திருக்க வேண்டும், பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒடஞ்ச படத்துக்கு ஆளு கெடைக்குது. போட்டுக்குத்தான் கெடைக்கல" என்றார். நான் பையிலிருந்து படம் விற்ற பணம் இருந்த உறையை எடுக்கப் போனேன். பாதி வெளியே வருவதற்குள், "அத்த உள்ள வைங்க மேடம்" என்று சொல்லிவிட்டார். பூச்சைத் தொடர்ந்தார்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எத்தினி மணிக்கு பஸ்சு?"

"பதினொண்ணுக்குங்க."

"கண்டிப்பா ஏறிடுவீங்கல்ல?"

"ஏறிடுவேன்."

தூரிகையை டப்பாமேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். "அண்ணே, நாந்தான். போட்டப் பாக்க நாளைக்கு வர வேணாம். இன்னிக்கு மத்தியானமே வந்து பாத்துடுங்க."